எதிர்த்து ஏலம் கேட்டவர்

பிப்ரவரி 5, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அக்கார்டியனை ஏலத்தில் போட்டேன். இன்று பதினொன்றரைக்குத் தொடங்கியிருக்கிறது, அடுத்த ஞாயிறு அதே பதினொன்றரைக்கு முடியும்.

போன மாதம் என் வீட்டுக்காரர் உபால்டு திருநெல்வேலியில் வாத்தியம் பழுது பார்க்கும் கடை ஒன்றின் சாமான்களை மொத்தமாக எடுத்தார். கடைக்காரர் இறந்து பல வருஷமாகப் பூட்டிக் கிடந்ததாம். பிள்ளைகள் சாவியைக் கொடுத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மூன்று ஆர்மோனியம், தோல் கிழிந்த தபலாக்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் இது இருந்தது. சிவப்பு உடம்பு, இத்தாலியில் செய்தது. தோளில் மாட்டிக்கொண்டு துருத்தியை இழுத்துப் பார்த்தேன். மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது.

"இத எவன் வாங்குவான்? பழைய இரும்போட ஆக்கர் கடைக்குப் போடு, ஜெசி" என்றார் உபால்டு.

தூத்துக்குடியில் பழைய சாமான் கடை அவருடையது. இணையத்தில் விற்பது என் வேலை. ஊரடங்கில் பொழுதுபோகாமல் கற்றுக்கொண்டது, மூன்று வருஷமாக நடக்கிறது. ஆரம்ப விலை இரண்டாயிரம் வைத்தேன். ஏன் இவ்வளவு குறைச்சல் என்று கேட்டார். குறைவாக வைத்தால்தான் ஒருவன் துணிந்து கை வைப்பான். அவன் வைத்துவிட்டால் அடுத்தவனுக்குப் பொறுக்காது.

மத்தியானம் நண்டுக் குழம்பு.

பிப்ரவரி 6, திங்கள்

மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். 4,100. மேலே நிற்பவர் பெயர் ராகமாலை61.

சாப்பிடும்போது உபால்டுக்கு விளக்கினேன். ஏலம் கேட்பவர் தன் மனதிலுள்ள உச்சத் தொகையைத் தளத்தில் சொல்லிவைத்துவிடலாம். தளம் அதை யாருக்கும் காட்டாது. மற்றவன் ஏற ஏற, அவனைத் தாண்டத் தேவையான அளவு மட்டும் இவருக்காகக் கூட்டிக்கொண்டே போகும். பத்தாயிரம் சொல்லி வைத்தவருக்கு எதிரே நாலாயிரத்துக்கு மேல் யாரும் வராவிட்டால் சாமான் நாலாயிரத்துச் சில்லறைக்குக் கிடைத்துவிடும்.

"அப்ப அவன் மனசுல எவ்வளவு வெச்சிருக்கான்னு நமக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரிஞ்சா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

பிப்ரவரி 7, செவ்வாய்

ராகமாலை61 கேள்வி அனுப்பியிருந்தார். "வணக்கம். வலது பக்கம் கீழிருந்து மூன்றாவது கறுப்புக் கட்டையில் மயிரிழை போல ஒரு பிளவு இருக்கிறதா? தயவுசெய்து பார்த்துச் சொல்லவும்."

பெட்டியைத் திறந்து கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். இருக்கிறது. யாரோ பதமாக ஒட்டியிருக்கிறார்கள், நகத்தால் தடவினால்தான் தெரியும். நான் போட்ட எட்டுப் படங்களில் ஒன்றிலும் அது தெரியாது.

ஏலம் கேட்பவர் முதலில் கற்கவேண்டியது, தன் ஆசையை விற்பவருக்குக் காட்டக் கூடாது என்பது. முதல் நாளே வந்து நிற்கக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. கடைசி நிமிஷத்தில் வந்து ஒரே தொகை போட்டுவிட்டுப் போகவேண்டும். இவருக்கு அது ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாம், இருக்கிறது. வாசிக்கத் தடை இல்லை" என்று பதில் போட்டேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. மீன்காரி வந்துவிட்டாள்.

பிப்ரவரி 8, புதன்

கோயம்புத்தூரில் இருக்கும் தங்கச்சி பிலோமிக்குப் போன் போட்டேன். அவள் நம்பரில் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்க வேண்டும், வரும் ஆறு இலக்க எண்ணைச் சொல்லு என்றேன்.

"என் நம்பரு எதுக்குக்கா?"

"ஒரு சாமானு கேக்கணும். என் பேர்ல கேக்க முடியாது."

"கள்ளத்தனம் ஒண்ணும் இல்லயே?"

"போடி. எல்லாரும் செய்யதுதான்."

எல்லாரும் செய்வதுதான். நேரில் நடக்கும் ஏலத்தில்கூட விலையை ஏற்றிவிட ஒருவனைக் கூட்டத்துக்குள் நிறுத்தி வைப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். நான் யார் பாக்கெட்டிலும் கை விடவில்லை. ராகமாலை தர நினைத்திருக்கும் விலையைத்தான் தரப்போகிறார், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் பிலோமியின் பெயரில் 9,500 போட்டேன். அடுத்த நொடி ராகமாலை மேலே வந்து நின்றார். 11,000 போட்டேன். மறுபடியும் அவர். 12,500. அவர். அது அவர் கை இல்லை, அவர் சொல்லிவைத்த எல்லைக்குள் கம்ப்யூட்டர் தானாகப் போடுவது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு, நான் தட்டும்போதெல்லாம் பதிலுக்குத் தட்டுவது போலத்தான் இருந்தது.

மற்ற இரண்டு பேரும் விலகிவிட்டார்கள்.

ஆட்கள் முழுத்தொகையாகத்தான் நினைப்பார்கள். பத்தாயிரம், பதினைந்தாயிரம். 15,250 போட்டதும் பிலோமி பெயர் மேலே வந்து நின்றுவிட்டது. அவருடைய எல்லை பதினைந்து. ஏலம் இப்படியே முடிந்தால் என் சாமானை நானே வாங்கியவளாக ஆவேன். விற்பவர் யாருடைய கேட்பையும் ரத்து செய்யத் தளம் இடம் கொடுக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு ராகமாலை திரும்பி வந்தார். 15,500. எல்லையை உயர்த்தியிருக்கிறார்.

இட்லிக்கு அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்ட் இல்லை.

பிப்ரவரி 11, சனி

22,500 வரை ஏற்றிவிட்டேன். கடையிலிருந்து வந்ததும் உபால்டு தாமாகவே போனை வாங்கிப் பார்த்தார். "எம்மாடி! நீ பெரிய ஆளுதான், ஜெசி" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். பிலோமி கணக்கு பற்றி அவருக்குச் சொல்லவில்லை.

சாயங்காலம் ராகமாலை இன்னொரு செய்தி அனுப்பியிருந்தார். "எனக்குக் கிடைத்தால் (கிடைத்தால்தான்) அனுப்பும்போது துருத்தியை முழுக்க மூடி, இரண்டு வாரையும் பூட்டி, நிமிர்த்திய நிலையில் பெட்டியில் வைக்கவும். படுக்கப்போட்டால் உள்ளே சத்தம் எழுப்பும் நாக்குகள் கோணிவிடும். தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

நல்ல கையெழுத்து உள்ளவராக இருப்பார் என்று தோன்றியது. தட்டச்சு செய்த எழுத்தைப் பார்த்து எப்படித் தோன்றும்? ஆனால் தோன்றியது.

இதோடு நிறுத்திவிடலாம். நாளை காலை ஒரே ஒரு தடவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

தலைவலி என்று சொல்லிப் பூசைக்குப் போகவில்லை. உபால்டு மட்டும் போனார்.

பதினொன்று இருபதுக்கு 28,250. மேலே ராகமாலை. இருபத்தைந்தைத் தாண்டியவர் முப்பதுக்கோ முப்பத்தைந்துக்கோதான் எல்லை வைத்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். 30,500 போட்டேன். அவர் 30,750. எல்லை முப்பது இல்லை என்று ஆயிற்று, அப்படியானால் முப்பத்தைந்து. இன்னும் ஒரு நிமிஷம் சொச்சம் இருந்தது. 31,250 போட்டேன்.

பிலோமி பெயர் மேலே வந்தது.

அவர் வைத்திருந்தது முப்பத்தோராயிரம்.

நாற்பது நொடி இருந்தது. ரத்து செய்யும் பக்கம் திறந்து காரணம் கேட்டது. கீழே நாலைந்து காரணங்கள், ஒன்றைத் தொடவேண்டும். தொட்டிருக்கலாம். ஆனால் அவர் வந்துவிடுவார் என்று இருந்தேன். வியாழக்கிழமை வந்தாரே. இருபது நொடி. பத்து. அவர் வருவார் என்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வாழ்த்துகள், பிலோமினா! நீங்கள் வென்றுவிட்டீர்கள்."

உபால்டு கோயிலிலிருந்து வந்து எவ்வளவுக்குப் போச்சு என்று கேட்டார். சொன்னேன். திரும்ப வெளியே போய் ஒரு முழுச் சீலா மீன் வாங்கிவந்தார். கழுவி மசாலா தடவினேன். எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை, தலைவலி.

பிப்ரவரி 14, செவ்வாய்

வென்றவர் பின்வாங்கினால் இரண்டாவதாக நின்றவருக்குச் சாமானைக் கொடுக்கலாம், அவருடைய கடைசி விலைக்கே. ஒரு பொத்தானைத் தொட்டால் போதும், ராகமாலைக்குச் செய்தி போய்விடும்.

ஆனால் ஏலக்காரர்கள் பேசிக்கொள்ளும் இடங்களில் முதல் எச்சரிக்கையே இதுதான்: 'வென்றவர் வரவில்லை, உங்கள் உச்ச விலைக்கு எடுத்துக்கொள்கிறீர்களா' என்று விற்பவன் கேட்டால், எதிரே நின்றது அவனுடைய ஆள் என்று புரிந்துகொள்ளுங்கள். அவர் புரிந்துகொள்வார். தளத்துக்குப் புகார் போனால் என் கணக்கை மூடிவிடுவார்கள். பொத்தானைத் தொடவில்லை.

வாங்கியவர் பணம் கட்டவில்லை என்று உபால்டிடம் சொன்னேன். வென்றவர் ஊர் கோயம்புத்தூர் என்று திரையில் பார்த்தவர், அந்த ஊர்க்காரர்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

மறுபடி ஏலத்தில் போட்டேன். ராகமாலைக்கு ஒரு வரி எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டும் என்றால் அவரே தேடிப் பார்ப்பார். இந்த முறை பிலோமி வரமாட்டாள். அவர் எடுத்துக்கொள்ளட்டும், மூவாயிரத்துக்கே எடுத்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 22, புதன்

விபூதிப் புதன். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டேன். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நீளமாக இருந்தது, நிற்காமல் வந்துவிட்டேன்.

ராகமாலை இன்னும் ஏலத்துக்கு வரவில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

கடைசி நாலு நொடியில் புதிதாக ஒருவர் வந்து 9,500க்கு எடுத்துவிட்டார். அதுவரை அவர் இருக்கும் இடமே தெரியவில்லை. பெங்களூரில் ஓட்டல் வைத்திருக்கிறாராம், அலங்காரத்துக்கு வேண்டுமாம்.

துருத்தியை முழுக்க மூடி, இரண்டு வாரையும் பூட்டி, நிமிர்த்தி வைத்துக் கட்டினேன். நாளைக்கு லாரி ஆபீஸில் போடவேண்டும்.

மார்ச் 2, வியாழன்

பழைய ஏலத்தின் பக்கத்தில் ராகமாலையிடமிருந்து செய்தி. எழுதியது அவருடைய மகள்.

"வணக்கம். என் பெயர் ஆவுடைச்செல்வி. சங்கரன்கோவில். அப்பா கோமதிநாயகத்துக்காக நான்தான் ஏலம் கேட்டேன். தோற்ற அன்று இந்தத் தளத்தையே போனிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவின் தொந்தரவால் திரும்பப் போட்டிருக்கிறேன். அவ்வளவு விலை கொடுத்து எடுத்தவர் நிச்சயம் நல்ல வாசிப்புக்காரராகத்தான் இருப்பார் என்கிறார் அப்பா. அந்த அக்கார்டியனை வைத்துக்கொள்வதில் சில விஷயங்கள் உண்டாம், அவருக்குச் சொல்லவேண்டுமாம். முகவரி தர இயலுமா?"

மூன்று தடவை படித்தேன். உபால்டு கடைக்குப் போய்விட்டார். துணி துவைத்தேன்.

மார்ச் 4, சனி

பதில் எழுதினேன். "வாங்கியவர் முகவரியைத் தர அனுமதி இல்லை. எழுதி என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள், சேர்த்துவிடுகிறேன்." அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அவர் நன்றாக வாசிப்பவர்தான்" என்று ஒரு வரி சேர்த்தேன். பெரியவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான்.

மார்ச் 10, வெள்ளி

பதிவுத் தபால். ஐந்து தாள், நீல மை. நான் நினைத்தது போலவே கையெழுத்து நன்றாக இருக்கிறது.

'அன்புள்ள கலைஞருக்கு' என்று தொடங்குகிறது. மழைக்காலத்தில் பெட்டிக்குள் கற்பூரம் போடவேண்டாம், அரிசியைத் துணியில் முடிந்து போடவும். மூன்றாவது கறுப்புக் கட்டையை ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் மேடையிலிருந்து இறங்கும்போது இடித்துக்கொண்டது, தாமே ஒட்டியது, பயப்படவேண்டாம். குளிர்ந்த நாளில் கீழ் ஸ்வரம் ஒன்று சற்றுத் தாமதமாகப் பேசும். "அதன் மேல் கோபப்படாமல் நீங்கள் ஒரு துளி முந்திக்கொள்ளுங்கள்."

கடைசித் தாளில் இது:

"ஏலத்தில் நீங்கள் ஒவ்வொரு படியாக ஏறியபோது முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, இந்த ஆளுக்கும் என்னைப் போலவே அதன் மேல் ஆசை என்று புரிந்தது. அந்த ஒரு வாரமும் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷம் வாசித்தவன். இப்போதெல்லாம் இந்த வாத்தியம் யாருக்கும் வேண்டாம் என்று நினைத்திருந்தேன். வேண்டும் என்று நின்றீர்கள். ஒரு நாள் போனில் இரண்டு வரி வாசித்துக் காட்டினால் போதும். எண் கீழே."

மார்ச் 11, சனி

பெங்களூர் ஓட்டலுக்குப் போன் செய்தேன். கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறேன், திருப்பிக் கொடுங்கள் என்றேன்.

"அது இப்ப அக்கார்டியனே இல்ல, மேடம்" என்றார் அந்த மனிதர். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டுத் துருத்திக்குள் விளக்கு வைத்திருக்கிறார்களாம். நுழைவாயில் சுவரில் மாட்டியிருக்கிறதாம். படம் அனுப்பினார். துருத்தி முழுக்க விரிந்து மஞ்சளாக வெளிச்சம் வருகிறது.

மார்ச் 13, திங்கள்

உபால்டிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிலோமி பெயரைச் சொன்னபோது தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அப்ப நீ பெரிய ஆளுன்னு நான் சொன்னது..."

"ஆமா."

எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். பிறகு, "அவுங்களுக்கு எதுவும் எழுதாத. அப்படியே விட்டுரு. பெரியவரு நல்லபடியா நெனச்சிட்டு இருக்காரு, இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பெரியவர் போனில் இரண்டு வரி கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 18, சனி

காலை பஸ்ஸில் சங்கரன்கோவில் போனேன். கடிதத்தைப் பையில் எடுத்துக்கொண்டேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அக்கார்டியன்காரர் வீடு என்றதும் தெருமுனைச் சலவைக் கடைக்காரரே காட்டினார். ஆவுடைக்கு முப்பது வயது இருக்கும், தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தூத்துக்குடியிலிருந்து வருகிறேன், ஏலத்தில் விற்றது நான்தான் என்றதும் உள்ளே பார்த்து, "அப்பா! அவுங்களே வந்திருக்காவ!" என்று கூவினாள்.

கோமதிநாயகம் ஒல்லியான மனிதர். தபால் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே வாசித்தவராம். என்னைப் பார்த்து வலது கையால் மட்டும் நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டார். இடது கை மடியில் கிடந்தது.

"உக்காருங்கம்மா. கடுதாசி போய்ச் சேந்துதா? என்ன சொன்னாவ? ஆணா பெண்ணா, அதுகூட எனக்குத் தெரியல."

ஆவுடை காப்பி கொண்டுவந்தாள். வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"ஐயா, உங்கள எதுத்து ஏலம் கேட்டது நான்தான். தங்கச்சி பேர்ல. வெலய ஏத்துறதுக்காக."

அவருக்குப் புரியவில்லை. மகளைப் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"அப்ப வாசிக்கது யாரு?" என்றார்.

"யாருமில்ல, ஐயா."

ஓட்டல், விளக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கு என்றபோது ஒரு தடவை தலையை ஆட்டினார், ஏதோ கணக்கு சரியாக வந்தது போல. படத்தைக் காட்டட்டுமா என்று கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அன்னிக்குக் கடேசியில ஆவுடை கேட்டா, இன்னுங் கொஞ்சம் போடவாப்பான்னு. நேரம் இருந்துச்சு. நாந்தான் வேண்டாம்னேன். அவ்வளவு ஆசப்படுத ஆளு எடுத்துக்கிடட்டும்னுட்டேன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப அங்க ஒரு ஆளே இல்ல, என்னம்மா?"

"இல்ல, ஐயா."

வேறு ஒன்று தேடி வாங்கித் தருகிறேன் என்றேன். "கெடைக்கும். கெடைக்காம என்ன" என்றார், எனக்குச் சமாதானம் சொல்வது போல. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கடுதாசி இருக்கா?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார், ஐந்து தாளும் உள்ளே போகவில்லை. ஆவுடை வந்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

"காப்பி ஆறுது பாருங்க. குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றார்.

குடித்தேன்.

பஸ் நிறுத்தம் வரை ஆவுடை கூட வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை. நிறுத்தத்தில் நின்றபோது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அது அப்பாவோடதுதான். பழுது பாக்கக் குடுத்திருந்தாவ. அப்பத்தான் கையும் காலும் இழுத்துக்கிட்டு ஆறு மாசம் ஆஸ்பத்திரி. திரும்பிப் போயிப் பாத்தா கடக்காரரு இல்ல, பூட்டிக் கெடக்கு. பத்து வருசமா எங்கெங்கயோ தேடுனோம். உங்க படத்தப் பாத்ததும் நம்மளதுன்னு எழுதுதேன்னு சொன்னேன். அப்பா விடல. அவுங்க காசு குடுத்து வாங்கியிருப்பாங்க, நம்ம முறையா ஏலத்துலயே எடுப்போம்னாவ."

என் பையைக் கீழே வைத்தேன்.

"இடது கை வராதுல்லா. துருத்திய நான் இழுத்து விடுதேன், நீங்க வலது கையால வாசிங்கப்பான்னு பேசி வெச்சிருந்தோம்."

பஸ் வந்தது. ஏறுங்க என்று அவள்தான் என் பையை எடுத்துக் கொடுத்தாள்.

மார்ச் 19, ஞாயிறு

பூசைக்குப் போனோம். வரும் வழியில் உபால்டு கேட்டார், "நேத்துலேருந்து ஒண்ணும் சொல்லலியே. என்ன சொன்னாவ? ஏசுனாவளா?"

"காப்பி குடுத்தாவ" என்றேன்.